மூன்றாவது சீழ்க்கை

குசினிக் கதவுக்கு வெளியே, குப்பைத் தொட்டிகள் வைக்கிற ஒடுங்கிய முற்றத்தில் நின்று அவர் மூன்று தரம் சீழ்க்கை அடிப்பார். இரண்டு சின்னது, ஒன்று நீளம். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவேன். கவிழ்த்து வைத்த பழப்பெட்டியின் மேல் எனக்கான சாப்பாடு இன்னொரு தட்டால் மூடியிருக்கும். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஸ்காபரோவில் இரவு நேரம் யாராவது தங்கள் நாயைக் கூப்பிடச் சீழ்க்கை அடித்தால் இன்றும் என் கால் நின்றுவிடுகிறது. ஒன்று. இரண்டு. அதோடு சரி. மூன்றாவது வருவதேயில்லை.

1988. பாரிஸ். சென் மிஷேல் பக்கம், நதிக்கு அருகே, கிரேக்கச் சாப்பாட்டுக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் சந்து ஒன்றில் எனக்குக் கோப்பை கழுவும் வேலை. அந்த நாட்களில் அங்கே வந்திறங்கிய எங்கள் ஆட்களில் கோப்பை கழுவாதவர் குறைவு. இதை வாசிக்கிற சிலருக்கு அந்தச் சுடுதண்ணீரின் எரிவு இன்னும் விரல் நுனியில் இருக்கும். வாசலில் உல்லாசப் பயணிகளை இழுக்க மலிவுத் தட்டுகளை நிலத்தில் எறிந்து உடைப்பார்கள். உள்ளே நான் நல்ல தட்டுகளைக் கழுவி அடுக்குவேன். அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில், மா படிந்த ஒரு றேடியோக் கசட் பெட்டியிலிருந்து ஒரு பெண் பாடிக்கொண்டிருப்பாள்.

முதல் நாள் பிரெஞ்சில் பாடினாள். மறுநாள் அதே குரல் ஜேர்மன் மொழியில். பிறகு ஆங்கிலம், ஸ்பானிஷ், எனக்குப் பிடிபடாத இன்னும் எதுவோ. இந்தப் பெண் எந்த நாடு என்று, தெரிந்த பத்துப் பிரெஞ்சுச் சொற்களைக் கூட்டிச் சமையற்காரரிடம் கேட்டேன். அவர் அகப்பையால் தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அவர் கிரீட் தீவுக்காரர். ஊர் ஹானியா. அந்தக் குரலுக்குரிய நானா முஸ்கூரி 1934இல் பிறந்ததும் அந்த ஹானியாவில்தான். தகப்பன் சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டியவர், தாய் அதே கொட்டகையில் ஆட்களுக்கு இருக்கை காட்டியவர். மூன்று வயதுக் குழந்தையாக அவரை ஏதென்ஸுக்குக் கொண்டுபோனார்கள். சமையற்காரர் இதையெல்லாம் தன் சொந்தத் தங்கச்சியின் கதையைப்போலச் சொல்வார். அவரை நான் "பார்பா" என்று கூப்பிடவேண்டும். நாங்கள் மாமா என்பதுபோல. அவர் என்னைக் கூப்பிட்டது "பெதீ மு". என் பிள்ளை என்று அர்த்தமாம். என் காதில் விழுந்ததோ எங்கள் ஊர்ப் "பெடி". ஐயாவுக்குப் பிறகு என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லாமல் இருந்த காலம் அது. கொதிக்கும் எண்ணெய்ச் சத்தத்துக்கு மேலால் அந்தச் சொல் வந்து விழும்போதெல்லாம், வேறு மொழி என்று தெரிந்த பிறகும், நான் ஊர்க்காரனாகத்தான் திரும்பிப் பார்த்தேன்.

நானா பாடகியானது சுலபமாக நடந்ததில்லை. ஏதென்ஸில் இசைக் கல்லூரியில் சாஸ்திரிய சங்கீதம் படித்தவர், இரவில் விடுதிகளில் ஜாஸ் பாடினார். 1957இல் அது தெரியவந்தபோது பரீட்சை எழுத விடவில்லை. பல வருடப் படிப்பு. ஐந்தே வருடம் கழித்து, அதே ஜாஸைப் பாடிப் பதிவுசெய்ய நியூயோர்க்கில் குயின்சி ஜோன்ஸ் அவரை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினார். இந்த இடம் வரும்போது பார்பா அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் சொல்வார். தடித்த கறுப்புச் சட்டம் போட்ட அந்தக் கண்ணாடியை மேடையில் கழற்றச் சொன்னார்கள், அவள் கழற்றவில்லை, தெரியுமா பெடி? தெரியும் பார்பா. பத்தாவது தரம் கேட்கிறேன். இன்னும் ஒரு தரம் சொன்னால் என்ன, இப்போது.

நான் சொல்லவந்தது ஒரு பாட்டைப் பற்றி. மானோஸ் ஹஜிதாகிஸ் மெட்டமைத்தது. கிரேக்க மொழியில் அது, நீ மூன்று தரம் சீழ்க்கை அடித்தால் என்று தொடங்கும் ஒரு காதல் பாட்டு. 1961இல் அது ஜேர்மன் மொழிக்குப் போனபோது சீழ்க்கை காணாமல் போய்விட்டது. பதிலுக்கு ஏதென்ஸின் வெள்ளை ரோஜாக்கள் வந்தன. ஜேர்மனியில் பத்து லட்சத்துக்கு மேல் இசைத்தட்டுகள் விற்றன. பிரெஞ்சுக்குப் போனபோது அதே ரோஜாக்கள் ஏதென்ஸை விட்டுக் கோர்ஃபு தீவில் பூத்தன. மெட்டு ஒன்றுதான். பூவும் ஊரும் மொழிக்கு மொழி இடம்பெயர்ந்தபடி.

பார்பா அதைக் கேட்டது ஜேர்மனியில். 1960இல் கிரேக்கமும் மேற்கு ஜேர்மனியும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்த பிறகு போன ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். மியூனிக் ரயில் நிலையத்தின் 11ஆம் நடைமேடையில், கயிறு கட்டிய அட்டைப் பெட்டியோடு இறங்கினாராம். தொழிற்சாலை விடுதியில் ஓர் அறைக்கு ஆறு கட்டில். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரல் வந்தது. சொற்கள் ஜேர்மன், ஒன்றும் விளங்கவில்லை. குரல் மட்டும் விளங்கியது. மேசையிலிருந்த ஜேர்மன்காரர்கள் கடலையும் வெயிலையும் நினைத்துச் சிரித்தபடி கூடப் பாடினார்கள். கிரேக்கர் ஆறு பேரும் ஆளையாள் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பாட்டு முடிந்ததும் ஒருத்தன் மெல்ல மூன்று தரம் சீழ்க்கை அடித்தான். அந்தப் பழக்கம்தான் பாரிஸ் முற்றம் வரைக்கும் வந்து, கடைசியில் எனக்குச் சாப்பாட்டு மணியானது.

நானாவும் ஊருக்கு வெளியேதான் வாழ்ந்தார். 1963இல் லண்டன் யூரோவிஷன் மேடையில் அவர் நின்றது லக்ஸம்பேர்க்கின் பெயரில். எட்டாவது இடம். அந்த வருடங்களில் பாரிஸுக்குக் குடிவந்து, மிஷேல் லெக்ரானோடும் ஹரி பெலஃபொன்டேயோடும் பாடி, ஒலிம்பியா அரங்கை நிறைத்து, லண்டனில் பிபிசி தொலைக்காட்சியில் தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்திய அந்தப் பெண், 1962க்குப் பிறகு கிரேக்க மண்ணில் ஒரு மேடைகூட ஏறவில்லை. இடையில் 1967 முதல் 1974 வரை நாடு இராணுவத் தளபதிகளின் கையில் இருந்தது. 1984இல்தான், அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் ஹெரோதஸ் அத்திக்கஸ் கல்லரங்கில், திரும்பவும் தன் ஆட்களுக்கு முன்னால் பாடினார். இருபத்திரண்டு வருடம். அந்த எண்ணை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவ்வளவு காலம் யாராவது ஊருக்குப் போகாமல் இருப்பார்களா என்று.

பார்பாவின் தங்கை ஹானியாவிலிருந்து ஒரு கசட் அனுப்பியிருந்தார். நானாவின் கிரேக்கப் பாட்டுகள். றேடியோவுக்கு முன்னால் பதிவுக் கருவியை வைத்துப் பிடித்தது. அதனால் அந்த வீட்டின் சத்தமெல்லாம் உள்ளே வந்துவிட்டது. சீழ்க்கைப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் ஒரு கதவு அறையும். கொஞ்சம் தள்ளி ஆட்டு மணி ஒன்று கிலுங்கும். பிறகு தங்கை யாரையோ அதட்டுவார், ஒரே ஒரு சொல். பார்பா பாட்டுக்காக அந்தக் கசட்டைப் போட்டதேயில்லை என்று எனக்குப் பின்னாளில் விளங்கியது. கதவு அறையும் இடம் நெருங்கும்போது கத்தி பலகையில் நின்றுவிடும். மணி. அதட்டல். பிறகுதான் வெங்காயம் மறுபடி வெட்டுப்படும்.

என்னிடமும் ஒரு கசட் இருந்தது. உங்களிடமும் இருந்திருக்கும். கடிதம் எழுதத் தெரியாத, அல்லது எழுதி மாளாத தாய்மார் பேசி அனுப்பினார்களே, அது. அம்மா ஒரு பக்கம் முழுக்கப் பேசியிருந்தார். யார் செத்தது, யாருக்குப் பிள்ளை பிறந்தது, தங்கச்சியின் பள்ளிக்கூடம், மாட்டுக்கு வந்த நோய். கிணற்றுக் கப்பியின் கிறீச்சு அதிலும் இருந்தது. நான் அதை எத்தனையோ தரம் கேட்டு, மனப்பாடமாகி, இனி எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில்—

ஒரு ஞாயிறு இரவு பார்பா தன் கசட்டை எனக்குத் தந்தார். படியெடுத்துக்கொள், திங்கட்கிழமை கொண்டுவா. வெற்றுக் கசட் வாங்கக் கடை திறந்திருக்கவில்லை. எட்டுப் பேர் படுத்த அறையில், லா சப்பலுக்குக் கிட்ட, நண்பனின் இரட்டைக் கசட் பெட்டியில், அம்மாவின் குரலுக்கு மேல் நானாவைப் பதிந்தேன். அம்மாதான் இன்னொன்று அனுப்புவாரே என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

பதிந்து முடித்துக் கேட்டபோது, நானாவின் கடைசிப் பாட்டு ஓய்ந்து, ஒரு கிளிக். அதன் பின்னால் அழியாமல் எஞ்சியிருந்த நாடா முனையில் அம்மா வந்தார். "...சாப்பிட்டனியோ? குளிருக்கு காதை மூடிக்கொண்டு திரி. நான் இனி தண்ணி அள்ளப் போறன்." பிறகு கப்பி. நாற்பது விநாடி இருக்கும்.

அம்மா இன்னொன்று அனுப்பவில்லை. தபால் ஒழுங்காகப் போய்வந்த காலமா அது? 1995இல் யாழ்ப்பாணமே பெயர்ந்து நடந்தபோது அம்மாவும் நடந்தார். அடுத்த வருடம் கிளிநொச்சியில் போய்விட்டார். எனக்குச் செய்தி வந்தது பன்னிரண்டு நாள் கழித்து.

பார்பா 1994இல் ஊர் திரும்பினார். நானா ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போன வருடம். அவளுக்கு அங்கே என்ன வேலை, பாடட்டும், என்று கடைசி நாள்வரை முறைப்பட்டுக்கொண்டிருந்தார். முற்றத்தில் நின்று விடைபெற்றோம். சீழ்க்கை அடிக்கவில்லை. உதடு கூடவில்லை. அவருடைய கசட் அவரோடு போனது. என்னுடைய படி, கனடாவுக்கு வந்தபோது எந்தப் பெட்டியில் வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. மூன்று வீடு மாறிவிட்டேன். மூன்று தரமும் எல்லாப் பெட்டியையும் கொட்டிப் பார்த்தேன்.

குறை சொல்ல இங்கே ஒன்றுமில்லை. வீடு சூடு. பிள்ளைகள் படித்துவிட்டார்கள். கோப்பையை இயந்திரம் கழுவுகிறது. நானா பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மொழிகளில் பாடியதெல்லாம் என் கைபேசியில், பெயரைச் சொன்னால் போதும், வந்து நிற்கிறது. மகன் வாங்கித் தந்த காதில் செருகும் கருவியில் அவர் மூச்சிழுப்பதுகூடக் கேட்கிறது. ஒலியைத் துடைத்துத் துப்புரவாக்கியிருக்கிறார்கள். எவ்வளவு துப்புரவு. ஒரு கதவு இல்லை, ஓர் ஆடு இல்லை.

1981இல் அவர் பிரெஞ்சில் பாடிய விடுதலைப் பாட்டு ஒன்று உண்டு. வெர்டியின் நபுக்கோ ஓப்பராவில், பாபிலோனில் சிறைப்பட்ட எபிரேயர்கள் தங்கள் நாட்டை நினைத்துப் பாடும் கூட்டிசையின் மெட்டு. பாரிஸில் அதைக் கேட்டு நாங்கள் கண்கலங்கியது உண்மை. ஆனால் இப்போது எனக்கு அந்தப் பெரிய பாட்டு வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுக் கடை மேசையில் ஆறு பேர் தலை குனிந்து கேட்ட சின்னப் பாட்டுத்தான் வேண்டியிருக்கிறது. வயது போனால் ஏக்கமும் சிறுத்து, ஒரு கப்பிச் சத்தத்தின் அளவுக்கு வந்துவிடும்போல.

2008இல் நானா ஏதென்ஸின் அதே கல்லரங்கில் விடைபெறும் கச்சேரி செய்தார். அப்பாடா, முடிந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சில வருடத்தில் திரும்ப வந்து, எண்பதாவது பிறந்தநாளுக்கு ஊர் ஊராகப் பாடினார். 2024 ஏப்ரலில், பாரிஸ் ஒலிம்பிக் சுடரைக் கையளிக்கும் நாளில், ஏதென்ஸின் பழைய பளிங்கு விளையாட்டரங்கில் அவர் நிற்பதைக் கைபேசியில் பார்த்தேன். எண்பத்தொன்பது வயது. அதே கண்ணாடி. கிரேக்கத்தின் தேசிய கீதம் ஒன்று, பிரான்சின் தேசிய கீதம் ஒன்று, இரண்டையும் அவரே பாடினார். குரல் மெலிந்திருந்தது. ஒரு வாழ்க்கையின் இரண்டு வீடுகளும் ஒரே வாயில். பார்பா இருந்திருந்தால் ஹானியாவில் எங்கோ ஒரு கோப்பிக் கடையில் எழுந்து நின்றிருப்பார். இருக்கிறாரா என்று கேட்க எனக்கு ஆளில்லை. அவரை நான் பார்பா என்றே கூப்பிட்டு, முழுப்பெயரைக் கேட்டுவைக்காமல் விட்டேன்.

இரவு வேலை முடிந்து வரும்போது, நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும், சீழ்க்கைப் பாட்டைப் போடச் சொல்வேன். கிரேக்கத்தில். இரண்டாவது சரணம் வரும்போது வேகத்தைக் குறைப்பேன். கதவு அறையும் இடம் சும்மா கடந்து போகும். மணி கிலுங்கும் இடமும். பாட்டு முடிந்தவுடன் அடுத்தது தானாகத் தொடங்கப் பார்க்கும். அதை நிறுத்திவிடுவேன். வீட்டு வாசலில் காரை அணைத்து, விளக்கையும் அணைத்து, நாற்பது விநாடி உள்ளேயே இருப்பேன்.

பிறகு காதை மூடிக்கொண்டு இறங்குவேன்.