பெருங்காயம் போடாத சாம்பார்

தூத்துக்குடியில் திருச்செந்தூர் பஸ் ஏறினால் முத்தையாபுரம் தாண்டியதுமே உப்பளம் தொடங்கிவிடும். பழையகாயல் வரைக்கும் பாத்திகளும் உப்புக் குவியல்களும்தான் கண்ணில் படும். முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தில் ஏறும்போது காட்சி மாறுகிறது. ஆற்றின் இரு கரையிலும் வாழை, வயல், அகத்தி மரங்களைப் பற்றி வெற்றிலைக் கொடி ஏறிய கொடிக்கால். பாலம் இறங்கினால் ஆத்தூர். அப்பா பிறந்த ஊர். அத்தை இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

பல வருடம் டெல்லியில் வேலை பார்த்தவள் நான். காலையில் பராத்தா, மதியம் சப்பாத்தி, இரவும் சப்பாத்தி என்று வயிறு பழகியிருந்தது. அங்கே இருக்கும்போதுதான் ரத்தசோகை வந்தது. இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. சாப்பிட்டதும் வயிறு உப்பும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கேஸ் என்றார்கள், மனஅழுத்தம் என்றார்கள். கடைசியில் குடல் நோய் மருத்துவர் ஒருவர் ரத்தத்தில் டிடிஜி என்ற எதிர்ப்பொருளைப் பார்க்கச் சொன்னார். பிறகு எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார். பெயர் கிடைத்தது: சீலியாக் நோய்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவிலிருந்து சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரும்பு, கால்சியம் எதுவும் ஒழுங்காக உடம்பில் சேராது. இதற்கு மாத்திரை கிடையாது. குளூட்டனை வாழ்நாள் முழுக்க விட்டுவிடுவது ஒன்றுதான் வைத்தியம். விட்டால் பெரும்பாலானோருக்குக் குடல் தானாகவே ஆறத் தொடங்கும். தினமும் 50 மில்லிகிராம் உள்ளே போனாலே குடல் மீண்டும் புண்ணாகலாம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அது ரொட்டித் துண்டு ஒன்றின் துணுக்கு அளவுதான். "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த எண்.

டெல்லியில் இந்த நோயைச் சொன்னால் பலருக்குத் தெரிகிறது. தெற்கே வந்தால் மருந்துக்கடைக்காரரே "என்னம்மா அது?" என்கிறார். அதற்குக் காரணம் உண்டு. 2016இல் ஹரியானா, அசாம், வேலூர் ஆகிய பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. வடக்கே 1000 பேரில் 8.53 பேருக்கும் வடகிழக்கில் 4.66 பேருக்கும் சீலியாக் இருந்தது. தெற்கே 0.11தான். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. பெரிதாக வேறுபட்டது தட்டில் விழும் கோதுமை. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம். சோறு இதுநாள்வரை நம்மில் பலரைக் காத்து வந்திருக்கிறது என்றுதான் இதை நான் படிக்கிறேன். அந்த 25 கிராம் இன்றைக்கும் 25 கிராம்தானா என்பது என் கவலை. ராத்திரி எட்டு மணிக்குத் தூத்துக்குடியில் எந்தத் தெருவில் நடந்தாலும் பரோட்டாக் கல்லின் கொத்துச் சத்தம் கேட்கிறது. ஆத்தூர் கடைத்தெருவும் அதற்கு விலக்கில்லை.

அத்தை வீட்டுக்குப் போன அன்றைக்கு விஷயத்தைச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இவ்வளவுதானா? சப்பாத்தி, பூரி, ரவை, சேமியா வேண்டாம். நமக்கு இட்லி, தோசை, சோறு இருக்குல்லா? கவலப்படாத மருமவளே" என்றார். சொல்லும்போதே அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. தாளிப்பதற்குப் பெருங்காய டப்பாவைத் திறந்தார். "அத்தே, கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

பெருங்காயம் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அதன் வீரியம் தாங்க முடியாதது. அதனால் கடைக்கு வருவதற்கு முன்பே வேலம்பிசின் போன்றவற்றோடும் மாவோடும் கலந்துவிடுகிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. கட்டிக்கும் இது பொருந்தும், தூளுக்கும் பொருந்தும். கூட்டுப் பெருங்காயம் என்று டப்பாவில் போட்டிருப்பது இந்தக் கூட்டைத்தான். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும்.

அத்தை நம்பவில்லை. "பெருங்காயத்துல கோதுமையா? நான் கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து போடுதேன். ஒருத்தரும் சொல்லலியே" என்றார். அத்தான் மகள் கல்லூரியில் படிக்கிறாள். டப்பாவின் பின்பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தாள். கோதுமை மாவு என்று அச்சடித்திருந்தது. அத்தை டப்பாவை வாங்கித் தானும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அலமாரியில் இருந்த ஒவ்வொன்றையும் இறக்கி வைத்தார். சாம்பார்ப் பொடியில் பெருங்காயம். இட்லிப் பொடியில் பெருங்காயம். நார்த்தங்காய் ஊறுகாயிலும் எலுமிச்சை ஊறுகாயிலும் பெருங்காயம். அப்பளத்திலும் அதுவே. தமிழ்நாட்டுச் சைவச் சமையலில் இது இல்லாத பண்டம் அபூர்வம் என்பது அப்படி வரிசையாக இறக்கி வைத்தபோதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது.

அடுத்தது தோசைக்கல். இரவில் அத்தானுக்குச் சப்பாத்தி போடும் கல்லும் அதுதான். கல்லில் ஒட்டிய மாவு போதும் எனக்கு. அத்தை பரணிலிருந்து ஆப்பச்சட்டியை இறக்கினார். அது ஆப்பத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. அங்கிருந்த நாள் முழுக்க என் தோசை அந்தச் சட்டியில் குழிந்த தோசையாக வந்தது. எனக்கென்று தனியாக ஒரு கரண்டியும் ஒரு துணியும் ஆணியில் தொங்கின. யாரும் கேட்காமல் அத்தை செய்த ஏற்பாடு அது.

மறுநாள் சமையலைச் சொல்ல வேண்டும். தொலி உளுந்தும் பூண்டும் வெந்தயமும் தேங்காயும் போட்டுப் பொங்கிய உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், அவியல். சாம்பாரில் பெருங்காயத்துக்குப் பதில் நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டுச் சீரகம் தாளித்திருந்தார். இன்னொரு நாள் தேங்காய்ப் பால் எடுத்துச் சொதி. சாயங்காலம் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி. கருப்பட்டி உடன்குடியிலிருந்து வந்தது. புன்னைக்காயலில் கரையேறிய மீனில் ஒரு குழம்பு. எதிலும் கோதுமை இல்லை. நகரத்து அங்காடிகளில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று முத்திரை குத்தி மூன்று மடங்கு விலைக்கு விற்கும் பிஸ்கட்டுகளை நான் வாங்கித் தின்றிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட அந்த உளுந்தங்களியின் பக்கத்தில் நிற்காது. இந்த நோயோடு வாழ உலகத்தில் நல்ல இடங்களில் ஒன்று தாமிரபரணிக் கரை என்று நான் மனதார நம்புகிறேன். கூட ஒருவர் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும், அவ்வளவே.

உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். ஒருவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். இன்னொருவர் பையில் ரொட்டியும் பிஸ்கட்டும். திருநெல்வேலி போய் வந்த மாமா ஒருவர் இலை வாசனையோடு சூடாக அல்வா கொண்டு வந்தார். நம் ஊரில் நோயாளியை இப்படித்தான் பார்க்கப் போவோம். ஆனால் ஹார்லிக்ஸ் என்றால் கோதுமையும் முளைகட்டிய பார்லியும். அல்வா என்றால் ஊறவைத்து அரைத்த சம்பா கோதுமையின் பால். அன்போடு நீட்டும் கையை மறுப்பதுதான் இந்த நோயில் கடினமான பகுதி. பத்தியம் அதைவிட எளிது. அத்தை எனக்காகப் பேசினார்: "அவளுக்குக் கோதுமை ஆவாது. வாழைப்பழம் கொண்டாங்க."

அத்தைக்குத் தெரியாமலே அந்தச் சொல் பழைய வைத்தியம் ஒன்றைத் தொட்டுவிட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் 1924இல் சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவுமுறையை அறிவித்தார். ரொட்டியும் தானியமும் கூடாது, வாழைப்பழம் நிறையக் கொடுக்கலாம். செத்துப்போவார்கள் என்று கைவிட்ட குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழம்தான் மருந்து என்று உலகம் நம்பியது. உண்மையில் காப்பாற்றியது ரொட்டியை நிறுத்தியது. அதைக் கண்டவர் நெதர்லாந்து மருத்துவர் வில்லம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மனியின் பிடியில் இருந்த அந்த நாட்டில் ரொட்டி கிடைக்காமல் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஊரே மெலிந்தபோது சீலியாக் குழந்தைகளின் நிலை கெடவில்லை. ஏற்கெனவே கோதுமைமேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1950இல் முனைவர் பட்ட ஆய்வாக அதை நிறுவினார். ஏத்தனும் நாட்டுப்பழமும் குலை குலையாகத் தொங்கும் ஆத்தூர்த் திண்ணையில் உட்கார்ந்து அத்தான் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன்.

தூத்துக்குடிக்குத் திரும்பும் வழியில் மக்ரூன் வாங்க ஆசைப்பட்டேன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு, இவ்வளவுதான் அதில். மாவே கிடையாது. பேக்கரி அண்ணாச்சியிடம் விவரம் கேட்டேன். "மாவு சேக்கிறதில்ல தாயி. ஆனா அடுப்பும் தட்டும் ஒண்ணுதான். பக்கத்து மேசையில மைதா பெசையுதோம். உங்களுக்கு ஆவாதுன்னா வாங்காதீங்க" என்றார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து உண்மை சொன்ன அந்த மனிதரை நான் மறக்கமாட்டேன். உணவகங்களிலும் பேக்கரிகளிலும் எங்களுக்கு வேண்டியது தனிப் பட்டியல்கூட இல்லை, இந்த நேர்மையான பதில்தான்.

கூடவே வந்த தோழி கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பனிமய மாதா கோவிலில் நிற்கும்போது, "உன்னை மாதிரி ஒருத்திக்கு வந்தால் நன்மை எப்படி வாங்குவது?" என்று கேட்டாள். பூசையில் பெறும் அப்பத்தைத்தான் நன்மை என்பார்கள். முத்துக்குளித்துறை மக்கள் 1530களில் கிறிஸ்துவ மதம் தழுவியதிலிருந்து இந்தக் கரையில் பூசை நடக்கிறது, அப்பம் கோதுமை அப்பம். குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைவாக உள்ளது செல்லும் என்று ரோம் 2003இலும் 2017இலும் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதுவும் ஆகாதவர்கள் திராட்சை ரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொன்னால் வழி உண்டு என்றேன். அவள் முகம் தெளிந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18இல் இந்த வட்டாரம் மூழ்கியது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். ஏரலும் ஆத்தூரும் தண்ணீரில் நின்றன. அத்தை வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. வெள்ளத்தில் நமக்கு முதலில் கைக்கு வருவது ரொட்டி, பிஸ்கட், ரவை. பசியில் ஒருவரும் டப்பாவைப் படிக்கமாட்டார்கள். அதனால் எங்கே புறப்பட்டாலும் அவல், பொரிகடலை, கருப்பட்டி மூன்றும் என் பையில் இருக்கும். நிவாரணப் பொதி கட்டுகிறவர்கள் ரொட்டியோடு ஒரு பொட்டலம் அவலும் வைத்தால் இன்னும் சிலருக்கு அது உதவும்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் கொடிக்காலுக்குப் போனோம். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கொடிக்கால்காரர் ஒரு கவுளியிலிருந்து இளம் வெற்றிலையாகப் பார்த்து எடுத்துப் பாக்கு வைத்துக் கொடுத்தார். நாக்கில் சுரீரென்று காரம். யாரிடமும் எதுவும் கேட்காமல் வாங்கிப் போட்டுக்கொள்ள முடிந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அத்தான் மகளுக்கும் ரத்தசோகை உண்டு. என்னைப் போலவே மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. சீலியாக் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் 100க்கு 7, 8 பேருக்கு அது இருக்கலாம். அவள் அவ்வளவு நெருங்கிய ரத்தம் இல்லை, ஆனாலும் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். நெடுநாள் ரத்தசோகை, ஓயாத வயிற்று உப்பிசம், வளராத குழந்தை என்று வீட்டில் யாராவது இருந்தால் மருத்துவரிடம் டிடிஜி பரிசோதனையைக் கேளுங்கள். சோற்று நாட்டில் இது வராது என்று யாராவது சொன்னாலும் கேளுங்கள். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் ஆறத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வந்துவிடும்.