பிடரியில் பிறந்த வலி

வகுப்பறையில் நிமிர்ந்து நின்று பாடம் நடத்தும் ஆசிரியரைத்தான் உலகம் காண்கிறது. பள்ளி விட்டபின் 40 பயிற்சி ஏடுகளின் முன்னால் கூனிக் குறுகி அமர்ந்திருக்கும் ஆசிரியரைக் காண்பவர் மிகச் சிலரே. சிலாங்கூர் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் 22 ஆண்டுகள் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவரின் தலைவலி, அந்த இரண்டாம் காட்சியிலேதான் தொடங்கியது. அதனை அவர் அறிந்துகொள்வதற்குள் 7 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

வலி எப்போதும் ஒரே வழியில்தான் வரும். வலப்புறப் பிடரியில் ஓர் இறுக்கமாகத் தொடங்கும். காதின் பின்புறமாக ஏறி, உச்சந்தலையைக் கடந்து, வலக்கண்ணுக்குப் பின்னால் சென்று அமர்ந்துகொள்ளும். அமர்ந்தபின் எழுந்துபோக அதற்கு மனம் வராது. கண்ணில் கோளாறோ என்று எண்ணிக் கண்ணாடியை இருமுறை மாற்றினார். மாமியார் நாள்தோறும் கோடாலித் தைலத்தைப் பொட்டில் தேய்த்துவிட்டார். ஏடு திருத்தும் வேலை கூடிய மாதங்களில், குறிப்பாக 2021-இல் கைவிடப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு மாணவரை ஆயத்தம் செய்த காலத்தில், வாரத்தில் நான்கைந்து நாள்கள் வலியோடுதான் வீடு திரும்புவார். கையெட்டும் தொலைவில் வலிமாத்திரை எப்போதும் இருந்தது.

முடிதிருத்தும் கடையிலும் ஒரு வைத்தியம் நடந்தது. முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துவிட்டு, முகவாயையும் பின்தலையையும் இரு கைகளாலும் பற்றி, ஒரே வெட்டாக இடமும் வலமும் திருப்பி 'நெட்டி' எடுப்பது நம்மவர் கடைகளில் நெடுங்காலப் பழக்கம். அந்த ஓசை கேட்டதும் பாரம் முழுவதும் இறங்கியதுபோல் இருக்கும். மறுநாள் மாலை வலி தன் பழைய இடத்திற்கே வந்துசேரும். அவரோ அடுத்த மாதம் மீண்டும் அந்த நாற்காலியில் அமர்வார்.

வலியினும் கொடிது, அது அவருடைய வகுப்பில் செய்த மாற்றமாகும். செய்யுளை உரத்த குரலில், ஓசை நயத்தோடு படிக்க வைப்பதில் பெயர் பெற்றவர் அவர். சத்தம் தலையைப் பிளந்தமையால், மாணவரை மௌனமாக வாசிக்கப் பணித்தார். ஒரு நாள், கணீரென்ற குரலுடைய ஐந்தாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி செய்யுள் ஒப்புவிக்கும்போது, "போதும், உட்கார்!" என்று சீறிவிட்டார். அதன்பின் அவள் கை உயர்த்தவே இல்லை. அதனைக் கவனித்தும் கவனியாதவர்போல் இருந்தார். அந்த ஆண்டின் இறுதியில், விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார்.

"ஓய்வு அப்புறம் இருக்கட்டுங்க. முதலில் டாக்டரிடம் போங்க," என்றார் அந்த அம்மையார்.

அரசு மருத்துவமனை மருத்துவர் கேள்விகளால் துளைத்தார். இடி விழுந்தாற்போல் திடீரென்று தொடங்கிய வலியா? காய்ச்சலோடு கழுத்து விறைத்ததா? பார்வை இரட்டையாகத் தெரிந்ததா? பேச்சுக் குழறியதா? கைகால் தளர்ந்ததா? தலையில் அடிபட்டதா? இவற்றுள் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்பது விடையாயின் கதை வேறு. காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டிய சோதனைகள் வேறு. அவருக்கு எல்லாவற்றிற்கும் 'இல்லை' என்பதே விடை. பிறகு மருத்துவர், மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை விழுங்குகிறீர்கள் என்று வினவினார். நாள்காட்டியை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்ததில் 20 நாளுக்கு மேல் வந்தது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கும் மேலாக வலிமாத்திரை உண்போருக்கு, அம்மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடக்கூடும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கிய ஆசிரியருக்கு அன்றுதான் அதன் பொருள் முழுமையாக விளங்கியது.

மாத்திரையைக் குறைத்த முதல் இரண்டு வாரங்கள் வலி முன்னிலும் மிகுந்தது. அந்த நிலையில்தான் மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சைப் பகுதிக்கு, 'பிசியோதெரபி' என்று நாம் வழங்கும் இடத்திற்கு, அவர் அனுப்பப்பட்டார்.

அங்கிருந்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண். "சிக்கு, வழக்கமாக ஏடு திருத்துவதுபோல் அமருங்கள்," என்று மேசையைக் காட்டினார். அமர்ந்தார். தலை முன்னே நீண்டு, தோள்கள் சுருண்டு, முதுகு வளைந்தது. அப்பெண் ஒன்றும் சொல்லாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதத் தலையின் எடை நான்கைந்து கிலோ ஆகும். நேராக இருக்கும்வரை எலும்புகள் அதைச் சுமக்கும். முன்னே சாயச் சாய, அது கீழே விழாமல் பிடித்திழுக்கும் வேலை பிடரித் தசைகளின் தலையில் விழுகிறது. நாள்தோறும் மூன்று மணி நேரம்.

பின்னர் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, முகவாய் மார்பை நோக்கி வருமாறு கழுத்தை நன்றாக மடக்கி, அந்நிலையிலேயே தலையை மெல்லத் திருப்பினார். இவ்வாறு மடக்கித் திருப்பும்போது அசைவு பெரும்பாலும் முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையிலேதான் நிகழும். இரு பக்கமும் 40 பாகைக்கு மேல் திரும்ப வேண்டிய தலை, இடப்புறம் இயல்பாகச் சென்றது. வலப்புறம் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்த இடத்தை விரலால் அழுத்தினார். அழுத்தியது பிடரியில், வலி எழுந்ததோ கண்ணுக்குப் பின்னால்! ஏழு ஆண்டுகளாக அவர் அறிந்த அதே வலி. ஆசிரியர் கண் கலங்கினார். வலியால் மட்டும் என்று சொல்வதற்கில்லை.

பிடரியை அழுத்தினால் கண் ஏன் வலிக்க வேண்டும்? தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். லயத்து வீடுகள் அனைத்திற்கும் வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்து மேசை ஒன்றுக்கே வந்து சேரும். முகவரி தெளிவாக இல்லையெனில், மேல்லயத்துக் கடிதம் கீழ்லயத்தில் கொடுக்கப்பட்டுவிடும். கழுத்தின் மேல்மூன்று நரம்புகள் கொண்டுவரும் செய்தியும், நெற்றியிலிருந்தும் கண்ணிலிருந்தும் முக்கிளை நரம்பு கொண்டுவரும் செய்தியும் தண்டுவடத்தின் மேல்முனையில் ஒரே மேசையில் வந்து விழுகின்றன. மூளை முகவரியைத் தவறாகப் படித்துவிடுகிறது. கழுத்திலிருந்து பிறக்கும் இத்தலைவலிக்கு 1983-இல் தனிப்பெயர் சூட்டி இலக்கணம் வகுத்தவர் நார்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஒட்டார் சியாஸ்டாட். எல்லாத் தலைவலியும் இவ்வகையைச் சேர்ந்ததன்று. ஒற்றைத் தலைவலி எனும் மைக்ரேன் வேறு. அதனைக் கழுத்துப் பயிற்சியால் மட்டும் தீர்த்துவிடலாம் என்று யாரேனும் கூறினால் நம்ப வேண்டியதில்லை.

முடிதிருத்தும் கடை வைத்தியத்தைச் சொன்னபோது அப்பெண்ணின் முகம் மாறியது. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் இரு நாளங்கள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே மேலே ஏறுகின்றன. கழுத்தை வெடுக்கெனத் திருப்பும்போது அந்த நாளத்தின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதம் நேர்ந்தவர் உண்டு. அரிதுதான், ஆயினும் ஒருமுறை நேர்ந்தால் போதாதா? அவருடைய கைகள் செய்ததோ மெல்லிய, தாளம் தவறாத அசைவு மட்டுமே. ஓசை எதுவும் எழவில்லை. ஓசையில்லாத வைத்தியத்தில் ஆசிரியருக்கு முதலில் நம்பிக்கை பிறக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் செய்யத் தந்த பயிற்சியைக் கேட்டபோது அவர் சிரித்தேவிட்டார். மல்லாந்து படுத்து, தலைக்கடியில் மடித்த துண்டை வைத்து, 'ஆம்' என்று தலையசைப்பதுபோல் முகவாயை மெல்ல உள்வாங்கி, 10 விநாடி நிறுத்தி விட வேண்டும், பத்து முறை, நாளுக்கு இருவேளை. "ஆமாம் போடுவதா மருந்து?" என்றார். "செய்து பாருங்கள், சிக்கு," என்றார் அப்பெண். நான்காம் முறையிலேயே கழுத்தின் முன்பக்கம் நடுங்கத் தொடங்கியது. தொண்டைக்குப் பின்னால், கழுத்தெலும்பை ஒட்டியிருக்கும் ஆழ்ந்த தசைகள் வேலையை மறந்திருந்தன. அவை ஓய்ந்ததனால்தான் பிடரித் தசைகள் இரட்டைச் சுமை சுமந்தன. தோள்பட்டை எலும்பைப் பின்னோக்கி இழுத்து நிறுத்தும் பயிற்சியும் இதனோடு சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் குவென்டலின் ஜல் என்பாரின் குழு இத்தகைய தலைவலியுடைய 200 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கைச்சிகிச்சையும் இவ்வகைப் பயிற்சியும் ஆறு வாரத்தில் தந்த குறைவு, ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்திருந்தது.

ஏடுகளை மேசையில் கிடத்தாமல் உயர்த்தி வைக்கச் சொன்ன அப்பெண், திருக்குர்ஆன் ஓதும்போது தாங்கள் பயன்படுத்தும் 'ரெஹால்' போன்ற ஒன்றை எடுத்துக்காட்டினார். ஆசிரியருக்குத் தம் பாட்டனார் வீட்டுச் சிக்குப்பலகை நினைவுக்கு வந்தது. பெருக்கல் குறிபோல் விரியும் அப்பலகையில் நூலை வைத்து, முதுகு வளையாமல் அமர்ந்து படித்தவர்களின் பேரர், தட்டை மேசையில் கழுத்தை முறித்துக்கொண்டிருந்தார். தச்சரிடம் சொல்லிச் சாய்வுப்பலகை ஒன்று செய்துகொண்டார். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தார்.

வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. மூன்றாம் வாரத்தில் அலுத்துப்போய்ப் பயிற்சியைக் கைவிட்டார். நான்காம் வாரத்தில் வலி வந்து நினைவூட்டியது. ஆறாம் வார இறுதியில் நாள்காட்டியில் வலிக்குறி வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்திருந்தது; ஆண்டு முடிவில் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஆசிரியர் கூட்டத்தில் அமர்ந்தவாறே முகவாயை உள்வாங்கிப் பயின்றபோது, அதனை இசைவாகக் கொண்ட தலைமையாசிரியர் ஆண்டுமலர்ப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்த நிகழ்ச்சியும் உண்டு.

விருப்ப ஓய்வுப் பேச்சு மீண்டும் எழவில்லை. மறு ஆண்டு, ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு காலைப் பொழுது, செய்யுள் ஒப்புவிக்க அந்தச் சிறுமியின் பெயரைச் சொல்லி அழைத்தார். அவள் தயங்கி எழுந்தாள். அவர் நெற்றியைப் பார்த்தாள். பின், பக்கத்திலிருப்பவருக்கும் கேளாத குரலில் தொடங்கினாள்.

"இன்னும் சத்தமாக, அம்மா," என்றார் ஆசிரியர்.