ரோடு இல்லாத ரோடு

ஞாயிற்றுக்கிழமை காலை நாலே முக்கால். செவ்வாய்ப்பேட்டையில் பால் வண்டிகூட வந்திருக்காது. அவர் மட்டும் சைக்கிளைத் தோளில் தூக்கி மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருப்பார். “இந்த வயசுல என்னத்துக்குங்க இந்த வேலை?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஆனால், தண்ணீர் பாட்டிலும் இரண்டு வாழைப்பழமும் முதல் நாள் ராத்திரியே பைக்குள் போயிருக்கும். குரல் கொடுப்பவர்தான் பையையும் கட்டிவைத்தவர்.

வயது 48. வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறார். காலையில் உட்கார்ந்தால் இரவு கடை சாத்தும்வரை உட்கார்ந்த வேலை. ஒருநாள் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. “தினமும் நடங்க” என்றார் டாக்டர். இரண்டே வாரத்தில் நடை சலித்துவிட்டது. அப்போதுதான் அக்கா மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கியர் சைக்கிள் கண்ணில் பட்டது. தடித்த டயர், முன்பக்கம் ஷாக் அப்சார்பர், 21 கியர். தூசி தட்டி, காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் போட்டு வெளியே வந்தவருக்கு எதிரே நின்றது ஏற்காடு மலை. சேலத்தில் எந்தத் தெருவில் நின்று வடக்கே பார்த்தாலும் அதுதானே நிற்கும்?

முதல் வாரம் அடிவாரத்து செக்போஸ்ட்டைத் தாண்டி, மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பினார். இருபது வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பலகை. பஸ்ஸில் போகும்போது குழந்தைகள் சத்தமாக எண்ணுகிற அதே பலகைகள்தான். சைக்கிளில் போகும்போது அடுத்த நம்பர் வரவே வராது. சேலம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த உயரம் முழுவதையும் இரண்டு முழங்கால்கள்தான் தூக்கியாக வேண்டும்.

ஏழாவது ஞாயிறு மேலே போய்ச் சேர்ந்தார். ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டார். “வந்துட்டேன்.” “எங்க, வீட்டுக்கா?” “ஏற்காட்டுக்கு.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “பாத்து இறங்குங்க” என்று மட்டும் பதில் வந்தது.

இறங்குவதுதான் கஷ்டம் என்பது அவருக்கு அன்று தெரிந்தது. ஏறுவதற்காவது ஒரு வழி உண்டு. முன்னால் சின்னப் பல் சக்கரம், பின்னால் பெரிய பல் சக்கரம் போட்டுவிட்டால் பெடல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பின் டயர் ஒரு முழுச் சுற்றுகூட வராது. நடக்கிற வேகம்தான், ஆனால் நிற்காமல் போகும். இறக்கத்தில் அப்படி இல்லை. பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் டயர் வழுக்கும். முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் ஆள் ஹேண்டில் பாருக்கு மேலே பறப்பார். இரண்டையும் சேர்த்து, விட்டு விட்டு, வளைவுக்கு முன்பே பிடிக்க வேண்டும். வளைவுக்குள் போய்ப் பிடிக்கக் கூடாது. இதை அவர் கற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாக இடது முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது.

இந்த விளையாட்டே இறக்கத்தில் பிறந்ததுதான். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமல்பைஸ் மலைப் பக்கத்து இளைஞர்கள் சிலர் பழைய கனத்த சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய், மண்பாதையில் கீழே விட்டார்கள். 1976-ல் அதற்கு ஒரு பந்தயமே வைத்தார்கள். ‘ரீபேக்’ என்று பெயர். கீழே வந்து சேர்வதற்குள் பின் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடுமாம். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் வண்டி ஓடும். அதிலிருந்து வந்த பெயர் அது. இருபதே வருடத்தில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுன்டெயின் பைக் போட்டி சேர்ந்துவிட்டது. நம் பக்கத்திலேயே கேரளத்தின் பொன்முடியில் 2023-ல் ஆசியப் போட்டி நடந்தது.

கொலுசுப் பட்டறைக்காரருக்கு ஒலிம்பிக் எல்லாம் வேண்டாம். அவருக்குத் தார் ரோடு சலித்துப்போனது, அவ்வளவுதான். முதலில் ஏற்காட்டைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் சுற்றினார். இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பி. கோடை மழை ஒன்று பெய்து சில நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும்போது, மல்லிகைப் பந்தலுக்குள் சைக்கிள் ஓட்டுவது மாதிரி இருக்கும். ஏரியில் படகு ஓட்டிவிட்டு பஜ்ஜி சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள் இந்த வாசனையை அறியாமலே போகிறார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பஜ்ஜி அங்கே அவ்வளவு ருசி.

இன்னொரு நாள் சேர்வராயன் கோயில் வரை போனார். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். வெளியே வந்தால் உச்சியில் மைதானம் மாதிரி சமதளம், செம்மண், காற்று. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த மலையில் பல வருடம் பாக்சைட் வெட்டினார்கள். அந்த மண்ணில் டயர் பதிந்தால் வீட்டுக்கு வந்து மூன்று தடவை கழுவ வேண்டும்.

அப்புறம்தான் ஒற்றையடிப் பாதைகள் மீது ஆசை வந்தது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாதி பாதைகள் தனியார் எஸ்டேட்டுக்குள் போகின்றன. கேட்காமல் நுழையக் கூடாது. மற்ற பல பாதைகள் வனத்துறை நிலத்தில் போகின்றன. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. தீ இல்லாவிட்டாலும் காட்டெருமை இருக்கிறது. அவர் அந்த வம்புக்கே போகவில்லை. கிராமத்து ஜனங்கள் தினமும் நடக்கிற பாதைகளில் மட்டும், வழி கேட்டுக் கேட்டுப் போனார்.

அப்படிக் கிடைத்ததுதான் அந்தப் பாதை. தார் ரோட்டில் இருந்து பிரிந்து, நாலு கிலோமீட்டர் கீழே ஒரு மலையாளிக் குடியிருப்புக்குப் போகிறது. மலையாளி என்றால் கேரளத்துக்காரர்கள் இல்லை. காஞ்சிபுரத்தில் இருந்து வந்ததாகத் தங்கள் கதையில் சொல்லிக்கொள்ளும் இந்த மலையின் பழங்குடி மக்கள். பாதையில் கருங்கல் உருண்டைகள், வேர்கள், நடுவில் ஒரு ஓடை, ஒரு பக்கம் சரிவு. சைக்கிள்காரர்கள் கனவு காண்கிற பாதை. மூன்று ஞாயிறு தொடர்ந்து அங்கேயே போனார்.

மூன்றாவது ஞாயிறு ஓடைக்குப் பக்கத்தில் டயர் வெடித்தது. டியூப் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் தலையில் விறகுக்கட்டோடு வந்தார். பின்னால் ஒரு பெண், பதினாறு வயது இருக்கும்.

“பம்பு இருக்குதுங்களா தம்பி?”

“இருக்குதுங்க பெரியவரே. அஞ்சு நிமிஷத்துல ஆயிரும்.” காற்றடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: “உங்க பாதை ரொம்ப நல்லா இருக்குதுங்க. இப்படியே இருக்கணும். தார் போட்டுக் கெடுத்துறப் போறாங்க.”

பெரியவர் விறகை இறக்கி வைத்தார். கோபம் எல்லாம் இல்லை. “சாயந்தரம் சேலம் போயிருவீங்கள்ல. உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

பிறகு அந்தப் பெண்ணைக் காட்டினார். “இவ எம் பேத்தி. இவங்க அம்மாவுக்கு ராத்திரி வலி எடுத்திருச்சு. மழை. கம்புல போர்வையக் கட்டி, டோலியில வச்சு நாலு பேரு தூக்கிட்டு ஏறுனோம். 108 வண்டி மேல ரோட்டுலதான் நிக்கும், கீழ வராது. இந்தா, இந்த ஓடைக்கிட்ட வரும்போதே இவ பொறந்துட்டா.” டியூப் மாற்றிய இடத்துக்கு நாலடி தள்ளி ஒரு பாறையைக் காட்டினார். “ரெண்டு உசுரும் தப்பிச்சது சாமி புண்ணியம். எல்லாரும் தப்பிக்கலீங்க.”

அவர் பம்பை அமுக்குவதை நிறுத்திவிட்டார். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண் இந்தக் கதையை நூறு தடவை கேட்டவள் போலிருக்கிறது. அவள் கியர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் ஸ்கூல்ல சைக்கிள் குடுத்தாங்க. பிளஸ் ஒன்னுக்கு” என்றாள்.

“ஓட்டுறியா கண்ணு?”

“எங்கீங்க ஓட்டுறது? மேல சொந்தக்காரங்க வீட்டுல நிக்குது.”

கியர் இல்லாத அரசாங்க சைக்கிள். சமவெளியில் எத்தனையோ பெண் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த சைக்கிள் அது. அதை இந்தப் பாதையில் இறக்க முடியாது. இறக்கினாலும் ஏற்ற முடியாது. அவள் தினமும் நாலு கிலோமீட்டர் ஏறி, பிறகு பஸ் பிடிக்கிறாள். அவர் ஆசைப்பட்டு, அக்கா மகனின் 21 கியர் வண்டியில், சர்க்கரை குறைவதற்காக ஏறி இறங்குகிற அதே நாலு கிலோமீட்டர்.

அன்று அவர் தார் ரோடு வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார்.

அதற்குப் பிறகு பல மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. குப்பனூர் வழியாகக் கொட்டச்சேடு ஏறிப் பார்த்தார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, பட்டறையில் உட்கார்ந்து செல்போனில் செய்தி பார்த்துக்கொண்டே இருந்தார். ரோடு இருக்கிற ஊருக்கே இந்தக் கதி என்றால் அந்த ஓடைப் பக்கம் என்ன ஆகியிருக்கும் என்று மனைவியிடம் இரண்டு மூன்று தடவை கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும்?

போன கோடையில் மறுபடி போனார். பாதையின் வாயிலில் ஜல்லி கொட்டியிருந்தது. பொக்லைன் ஒன்று நின்றது. வேர்கள் போயிருந்தன. உருண்டைக் கற்களை ஓரம் ஒதுக்கியிருந்தார்கள். ஓடையின் மேல் சிமென்ட் குழாய் போட்டிருந்தார்கள். பிறந்த இடத்துப் பாறை மட்டும் அப்படியே இருந்தது. அவருக்கு முதலில் வந்தது வருத்தம்தான். ‘போச்சே’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு யாராவது கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

ஊருக்கு வெளியிலேயே அந்தப் பெண் நின்றாள். பிளஸ் டூ முடித்துவிட்டாளாம். பக்கத்தில் அந்த அரசாங்க சைக்கிள். புதுசு போலவே இருந்தது. ஓட்டினால்தானே பழசாகும்!

“ரோடு முடிஞ்சா ஓட்டலாம்னு தாத்தா எடுத்துட்டு வந்தாருங்க. இறக்கத்துல பிரேக்கு நிக்குமாங்க?”

அவர் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். ரப்பர் கட்டை கல் மாதிரி காய்ந்துபோயிருந்தது. “நிக்காது. இத ஓட்டாத கண்ணு. அடுத்த ஞாயித்துக்கிழமை வேற கொண்டாந்து மாட்டித் தரேன்.”

“ரெண்டு பக்கத்துக்கும் சேத்துக் கொண்டாங்க” என்றாள் அவள்.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போகும் வழியில் சைக்கிள் கடையில் நிறுத்தி நாலு பிரேக் கட்டைகள் வாங்கினார். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு.