கழிமுகத்தின் பொழுதுகள்

மார்ச் 18, 2020
கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு இன்று தொடங்கியது. பினாங்கின் ஜெலுத்தோங் பக்கம், அடுக்குமாடி வீடொன்றில், ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர் பழைய நோட்டை எடுத்துத் தேதி போட்டார். மகளுக்குக் கோலாலம்பூரில் மருத்துவமனை வேலை, பேரன் இவரிடம். சன்னலுக்கு அப்பால் சுங்கை பினாங்கு ஆறு கடலில் சேர்கிறது.

மார்ச் 20
மகளின் அழைப்பு இல்லை.

மார்ச் 24
அமாவாசை. கடல் ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறியிருந்தது. “பாட்டி, இந்தத் தண்ணியில வைரஸ் இருக்கா?” என்றான் பேரன்.

இருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியா இருந்தால், வைரஸ் அதைப்போல் பத்து மடங்கு. 1989இல் நார்வே ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் எண்ணிக் காட்டும்வரை உலகமே இதைக் குறைத்து மதிப்பிட்டிருந்தது. பையன் சன்னலைச் சாத்தப் போனான். அவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியாவைத்தான் தாக்கும், உடைந்த பாக்டீரியாவின் சத்து நீரில் கரைந்து மற்ற உயிர்களுக்கு இரையாகும் என்று சொல்லிப் புரியவைக்க இரவாகிவிட்டது.

மார்ச் 29
மீன் கூண்டில் வேலை பார்க்கும் கீழ்வீட்டுப் பையன் போனில் பேசினான். “டீச்சர், எங்களுக்கு விடியக்காலம்தான் பயம். அஞ்சு மணிக்கு மீனு மேல வந்து வாயத் தொறக்கும்.”

அந்த நேரத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். பகலில் மிதவைப்பாசிகள் ஒளியில் ஆக்சிஜன் தருகின்றன. அவற்றிலிருந்து கசியும் சர்க்கரையில் பாக்டீரியா பெருகுகிறது. இருட்டியதும் பாசி தரும் ஆக்சிஜன் நிற்கிறது, பாக்டீரியாவின் மூச்சு நிற்பதில்லை. 30 டிகிரியை ஒட்டிய இந்த நீரில் அதைத் தணிக்கக் குளிர்காலமும் கிடையாது. விடியுமுன் ஆக்சிஜன் கையிருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது.

வெயிலுக்கு வேறொரு வேலையும் உண்டு. அதன் புற ஊதாக் கதிர் வைரஸைச் சிதைக்கும், சாக்கடையோடு வரும் ஈ.கோலி பாக்டீரியாவைக் கொல்லும். ஆனால் சேற்றுநீரில் கதிர் ஆழம் போகாது. இதற்கு மேல் கடல் தன் கணக்கைப் போடுகிறது: நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளி. சூரியன் நேரம் தவறுவதில்லை, கடல் தள்ளிக்கொண்டே போகிறது. காலை பத்து மணிக்கு வாளி இறக்கினால் இந்த வாரம் கடல்நீர், அடுத்த வாரம் ஆற்றுநீர். ஒரே ஒரு வாளியை வைத்து ஆறு சுத்தம், அசுத்தம் என்று தீர்ப்பெழுதுவது அநியாயம் என்று அடிக்கோடிட்டார்.

மார்ச் 30
தலையணைகளையெல்லாம் வெயிலில் போட்டார்.

ஏப்ரல் 8
பௌர்ணமி. மனம் சற்றுத் தெளிந்திருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் லீ சூன் வெங், போங் சுய் வெய் இருவரும் கிள்ளான் கழிமுகத்திலும் போர்ட் டிக்சன் கடலோரத்திலும் பாக்டீரியாவின் வளர்ச்சியை, சுவாசத்தை, சாவை அளந்த ஆய்வுகளைப் பேரனுக்குச் சொன்னார். அவனுக்குப் பிடித்தது ஜப்பான் கதை: நீலப்பச்சைப் பாக்டீரியாவின் மூன்று புரதங்களை, எரிபொருளான ஏ.டி.பி.யோடு சோதனைக் குழாயில் இட்டபோது, உயிரில்லாமலே 24 மணி நேரத் தாளம் ஓடியது. காட்டியது அங்குள்ள ஆய்வாளர் கொண்டோவின் குழு, 2005இல்.

ஏப்ரல் 10
கட்டுப்பாடு 28ஆம் தேதிவரை நீட்டிப்பு. ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 13
அதிகாலை ஐந்துக்கு மகள் அழைத்தாள். இரவு வேலை முடிந்து, தொண்டை மாதிரி கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இவர் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. மீன் கூண்டில் அந்த நேரத்துக்குக் காற்றடிக்கும் இயந்திரம் போடுவார்கள் என்றார். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு பேரனும் அவரும் பட்டியல் போட்டார்கள்: வெளியே போக விட்டால் ஆற்றில் எந்தெந்த மணிக்கு நீர் எடுப்பது என்று. அவன் நள்ளிரவையும் சேர்க்கச் சொன்னான். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.