விதியில்லாத பூச்செண்டு

நம்மவர் மணங்களில் மாலைக்கு விதியுண்டு, தாலிக்கு விதியுண்டு, மஞ்சளுக்கும் அரிசிக்குங்கூட விதியுண்டு. எதை யார் தொடலாம், யார் தொடலாகாது என்று வைதீகர் வரம்பு கட்டி வைத்துள்ளனர். ஆனால் வரவேற்பு விருந்தில் மணமகள் கையிலேந்தும் பூச்செண்டுக்கு மட்டும் யாதொரு விதியும் இல்லை. அது மேனாட்டாரிடமிருந்து வந்த வழக்கம். ஆகையால் எந்தப் புரோகிதரும் அதற்கு மந்திரம் வகுக்கவில்லை. இச்சிறு உண்மையில் ஒரு பெரிய நன்மை மறைந்துள்ளது.

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலும் பூக்கடைகளுக்குக் குறைவில்லை. எனினும் செண்டு கட்டுதல் வீட்டார் செய்யக்கூடாத அரிய வித்தையன்று. கேமரன் மலையில் விளையும் ரோஜாவும் செவ்வந்தியுமாக 15 அல்லது 20 தண்டுகள் போதும். முதல்நாள் மாலையே அடியைச் சாய்வாக அறுத்து, ஆழ்ந்த நீரில் நிறுத்துதல் வேண்டும். இரவெல்லாம் நீருண்ட மலரே மறுநாள் வாடாது நிற்கும். கட்டுமிடத்திற்குக் கீழே ஓர் இலையும் இருத்தலாகாது. சிறந்த மலரொன்றை நடுவே பிடித்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக ஒரே பக்கம் சாய்த்துச் சேர்த்து, சேர்க்குந்தோறும் செண்டைக் கையில் சிறிது திருப்பிவர வேண்டும். அப்போது தண்டுகள் ஓரிடத்தில் குறுக்கிட்டு நிற்கும். மலர்கள் ஒன்றையொன்று நெரிக்காமல் குடைபோல் விரியும். குறுக்கிடும் இடத்தை நனைத்த வாழைநாரால் இறுகக் கட்டி, அடியைச் சமமாக நறுக்கிவிடுக. பிறகு வெண்பட்டு நாடாவைச் சுற்றி, முத்துத் தலையுள்ள குண்டூசிகளை, முனை கையிற் குத்தாதபடி மேல்நோக்கிச் செருகி, கழுத்தில் ஒரு முழம் மல்லிகைச் சரத்தை வளைத்தால் செண்டு முடிந்தது.

என் தங்கையின் திருமணத்தில் இச்செண்டைக் கட்டியவர் எங்கள் அத்தை. தோட்டத்தில் எத்தனையோ மணமாலைகளைத் தொடுத்த கை அவருடையது. மாமா இறந்த நாள்முதல் எந்த மணப்பெண்ணுக்கும் அவரைப் பூத்தொட விட்டாரில்லை. நாரை எடுத்து நீட்டியபோது, “நான் தொடலாமா தம்பி?” என்று என்னைக் கேட்டார். அருகிலிருந்த உறவினர் ஒருவர், “சாஸ்திரத்துக்கு ஒவ்வாதே!” என்றார். “இந்தச் செண்டைப் பற்றி எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது, சித்தப்பா?” என்றாள் தங்கை. அவர் வாய் திறக்கவில்லை. அத்தையின் விரல்களோ பழைய விரைவு சிறிதும் குன்றாமல் ஓடின.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, விதவையர் மறுமணத்திற்குத் தடை கூடாதென்று தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து, சீர்திருத்தக் கருத்துக்களை இங்குள்ள தமிழரிடையே பேசினார். தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், புரோகிதரின்றி மாலை மாற்றிச் செய்யும் மணத்தையும் ஏற்றது. நம் நாட்டிலோ 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, மணத்தைப் பதிவு செய்தல் வேண்டும். அச்சட்டங்களில் எதுவும் கைம்பெண்ணை மணப்பந்தலிலிருந்து விலக்கவில்லை. விலக்குவது நம் வழக்கமேயன்றி வேறில்லை.

ஆயினும் அன்பர்களே, சாஸ்திரம் மறந்துவிட்ட ஒரு பொருளைக் கொண்டு சாஸ்திரத்தை ஏமாற்றுவது அரைச் சீர்திருத்தமே. செண்டைக் கட்டிய கை மணமாலையை எடுத்துக் கொடுத்தால் மலர் வாடிவிடுமோ? பெற்று வளர்த்த தாய் கைம்பெண்ணானால், அவள் வாழ்த்து மகளுக்குத் தீங்காகுமோ? பகுத்தறிவுள்ளோர் எவரும் ஆமென்னார். எனவே அடுத்த மணத்தில் செண்டை மட்டுமன்று, தாலித் தட்டையும் அவள் கையிற் கொடுங்கள். அவளைப் பின்வரிசையிலிருந்து அழைத்துவர ஒரு வெள்ளியும் செலவில்லை; வேண்டுவது சிறிது துணிவே.