பால் இருக்கா?

மூன்றாம் நாள் மார்பு கல்லாய்க் கட்டிவிட்டது. மகளால் கவ்வ முடியவில்லை. காம்பு வெடித்து ரத்தம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "பால் இருக்கா?"

பத்தியத்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "உங்களுக்கு எப்படிம்மா?" என்றேன்.

"உன்னை ஆயாக் கொட்டகையில விட்டுட்டு பால்மரம் வெட்டப் போயிருவேன். அங்க நீ டின்பால் குடிப்ப. காட்டுல என் சட்டை நனைஞ்சிரும்."

அம்மாவுக்குப் பால் இருந்தது, பிள்ளை பக்கத்தில் இல்லை. எனக்குப் பிள்ளை மடியிலேயே இருந்தாள், கொடுக்கத்தான் தெரியவில்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்த தாதி, கொஞ்சம் பாலைக் கையால் பீய்ச்சி, மார்பு இளகிய பிறகு கொடுக்கச் சொன்னார். காம்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் வாய்க்குள் போகவேண்டுமாம். ஐந்தாறு முறை தவறி, மகள் பிடித்தாள். விழுங்கும் சத்தம் கேட்டது.

அன்றும் பூண்டோடு உட்கார்ந்திருந்த அம்மா, உரிப்பதை நிறுத்திவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.