பிரேக் சூட்டில் கருகும் சீல்

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகர ஓரத்தில் உள்ள அந்தப் பட்டறையில் பழைய ஜாகுவார் கார்களுக்கு மட்டுமே வேலை. நான் போன அன்று லிஃப்டில் ஏறி நின்றது ஓர் ஈ-டைப். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி, 1974 வரை இதே ஊரில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிஃபரன்ஷியலில் எண்ணெய் ஒழுகுகிறது என்று விட்டுப் போயிருந்தார்கள்.

மூத்த மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். டிஃபரன்ஷியலின் இருபுறமும் ஒட்டினாற்போல் பிரேக் டிஸ்குகள் இருந்தன. பெரும்பாலான கார்களில் பிரேக் சக்கரத்துக்குள் இருக்கும். காற்று பட்டுச் சூடு ஆறும். ஈ-டைப்பில் சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும் எடையைக் குறைப்பதற்காகப் பின் பிரேக்குகளை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் மேடுபள்ளத்திலும் டயர் சாலையை விடாது. ஆனால், வதைபடுவது டிஃபரன்ஷியலிலிருந்து வரும் தண்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் ஆயில் சீல். டிஸ்கின் சூடு தண்டு வழியே ஏறி, சீலின் ரப்பர் விளிம்பைக் கட்டையாக்கிவிடுகிறது. பிறகு கியர் ஆயில் கசிந்து டிஸ்க் மேலேயே படிகிறது.

“தரையில் சொட்டும் எண்ணெயைத் துடைத்துவிடலாம். பிரேக் பேடில் ஊறிய எண்ணெய்தான் ஆளைக் கொல்லும்” என்றார் அவர்.

சீல் உள்ளங்கைக்குள் அடங்கும். அதை எட்டுவதற்குப் பின் சஸ்பென்ஷன் முழுவதையும் இறக்க வேண்டும். டிஃபரன்ஷியல், பிரேக், ஸ்பிரிங் எல்லாம் ஒரே எஃகுக் கூண்டில் அடக்கம். நான்கு ரப்பர் மவுண்டுகளில் அது காரோடு தொங்குகிறது. பிரேக் குழாயையும் ஹேண்ட்பிரேக் கேபிளையும் கழற்றி, ஜாக்கில் தாங்கி, இருவர் மெல்ல மெல்ல இறக்கினார்கள். “இறக்கு” என்று ஒருவர் சொல்லி மற்றவர் “நிறுத்து” என்பதற்குள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

பெஞ்சில் ஏற்றியதும் பெரியவர் சீலைத் தொடவில்லை. முதலில் மேலே இருந்த பிரீதரை, அதாவது காற்றுப் போக்கியைக் கழற்றினார். உள்ளே சாலைச் சேறு இறுகிக் கிடந்தது. ஓடும்போது எண்ணெய் சூடாகி உள்ளே காற்று விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வரும். அடுத்து, சீல் உராயும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் ஒன்று நகத்தில் தட்டியது. பள்ளம் விழுந்த தண்டில் எந்தப் புதுச் சீலும் நிற்காது. மூன்றாவதாக பேரிங். இந்தக் காரில் சக்கரத்துக்குப் போகும் அரைத்தண்டே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது. அதனால் வளைவில் திரும்பும்போது வரும் பாரத்தை இந்தப் பேரிங்கும் தாங்க வேண்டும். அதில் ஆட்டம் இருந்தால் தண்டு ஆடும், சீல் தேயும்.

அவர் எடுத்து வைத்த புதுச் சீல் வைட்டான் ரகம். வழக்கமான நைட்ரைல் ரப்பர் நூறு டிகிரியைத் தாண்டினால் நாளடைவில் இறுகிவிடும். வைட்டான் சுமார் 200 டிகிரி வரை தாங்கும். எண்ணெய் குடித்த பேடுகள் நேரே குப்பைக்குப் போயின. கழுவிப் போடும் பேச்சே இல்லை.

அதன்பின் இளைஞர் ஒருவர் டிஸ்க்கைப் பொருத்தினார். பேடுகளை டிஸ்க் மீது அழுத்தும் கேலிபரின் நடுவில் டிஸ்க் சரியாக நிற்க மெல்லிய ஷிம் தகடுகளைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக, ஃபீலர் கேஜ் வைத்து அளந்துகொண்டே இருந்தார். கேலிபர் போல்ட்டுகள் தளராதபடி கம்பியால் முறுக்கிக் கட்டினார். முறுக்கு ஒரு சுற்று கூடினாலும் கம்பி அறும். அறுந்ததை எறிந்துவிட்டுப் புதுக் கம்பி எடுத்தார். பெரியவர் கண்ணால் மட்டும் பார்த்துத் தலையசைத்தார். இந்தத் தொழில் இப்படித்தான் கைமாறுகிறது.

எந்தக் காராக இருந்தாலும், டிஃபரன்ஷியலில் எண்ணெய்க் கறையைப் பார்த்தால் “ஒரு சீல் மாத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். ஏன் ஒழுகியது என்று கேளுங்கள். பிரீதர், தண்டு, பேரிங் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிப் பார்த்துச் செய்கிற மெக்கானிக்கின் கூலியில் பேரம் பேசாதீர்கள். சீலின் விலை சொற்பம். காரணத்தைக் கண்டுபிடிக்கிற கைக்குத்தான் மதிப்பு.